‘இதெல்லாம் ப்ளஸ் டூவுலயே படிச்சிருப்பீங்க’: முதலாண்டுப் பாடமும் அது உற்பத்தி செய்யும் தோல்வியும்

1

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் முதலாண்டு வகுப்பறைகளில் சலிக்காமல் புழங்கும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘இதெல்லாம் ப்ளஸ் டூவுலயே படிச்சிருப்பீங்க.’ கணக்கு ஆசிரியர் ஒரு படியைத் தாண்டும்போது இதைச் சொல்வார். இயற்பியல் ஆசிரியர் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டு விளக்காமல் நகரும்போது சொல்வார். பைத்தான் நடத்துகிறவர் ‘ஸ்கூல்லயே சிஸ்டம்ல உட்கார்ந்திருப்பீங்க’ என்று தன் பங்குக்குச் சொல்வார். அப்பாவியான வாக்கியம்தான். இதில் வசை இல்லை, சாதி இல்லை, கேலி இல்லை. நேரமில்லாத ஆசிரியர் நேரத்தை மிச்சப்படுத்துகிறார், அவ்வளவே.

ஆனால் இது ஒரு கேள்வியல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ‘படிச்சீங்களா?’ என்று கேட்டிருந்தால் ‘இல்ல சார்’ என்று சொல்ல ஓர் இடம் இருந்திருக்கும். ‘படிச்சிருப்பீங்க’ என்பது தீர்ப்பு. அந்த ‘நீங்க’ யார்? அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அது பத்துப் பதினைந்து பேரைத்தான் தொடுகிறது. மற்றவர்கள் அந்த நொடியில் தாங்கள் அழைக்கப்படவில்லை என்பதைத் தெரிந்துகொள்கிறார்கள். தன்னிலையாக்கம் பற்றி அல்தூஸர் பேசும்போது தெருவில் போகிறவனைக் காவலர் கூப்பிடுவதையும், அவன் திரும்பிப் பார்ப்பதையும் உதாரணம் காட்டுவார். நம் வகுப்பறையில் நடப்பது அதன் மறுபக்கம். கூப்பிடப்படாதவர் தலையைக் குனிந்து நோட்டில் எதையோ எழுதுவது போல் பாவனை செய்கிறார். ‘எனக்குத்தான் தெரியல’ என்கிற தன்னிலை அங்கே உருவாகிறது. நவம்பர், டிசம்பரில் வரும் அரியர் அதற்குப் பிந்திய எழுத்துபூர்வ உறுதிமொழி மட்டுமே.

முதலாண்டு மாணவர்களின் தோல்வியைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் மாணவரிடமிருந்து தொடங்குகிறோம். அவர் எங்கிருந்து வந்தார், எந்த மீடியம், அப்பா என்ன செய்கிறார், எவ்வளவு கட்-ஆஃப் என்று. பாடத்திலிருந்து தொடங்கினால் என்ன? ஒரு பாடத்திட்டமும் ஒரு பிரதிதான். எல்லாப் பிரதிகளையும் போல அதற்குள்ளும் ஒரு வாசகர் ஒளிந்திருக்கிறார். நம் முதலாண்டுப் பாடத்திட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் அந்த வாசகர் யார்? அவர் நம் கல்லூரிகளில் சேருகிறாரா? இக்கட்டுரை கேட்க விரும்புவது இதைத்தான்.

2

கொஞ்சம் வரலாறு. 1978க்கு முன் பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். அதற்குப் பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி., அதாவது புகுமுக வகுப்பு. பெயரிலேயே ‘புகுமுகம்’ இருந்தது. பி.யூ.சி. ஒன்றும் சொர்க்கமல்ல. கிராமத்திலிருந்து வந்து ஆங்கிலத்தில் இடறி விழுந்து ஊர் திரும்பியவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். ஆனாலும் ஒரு விஷயம் அதில் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஒரு வாசற்படி இருக்கிறது, அதைக் கடக்கவைப்பது கல்லூரியின் வேலை.

1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. வாசற்படி பள்ளிக்குப் போய்விட்டது. பள்ளிகள் கூடியதும் பெண்கள் ஊரிலேயே மேலும் இரண்டாண்டு படிக்க முடிந்ததும் நல்லதுதான். ஆனால் கல்லூரி அன்றோடு வாசற்படியைப் பற்றிய பொறுப்பிலிருந்து விடுபட்டது. ‘இதெல்லாம் ப்ளஸ் டூவுலயே படிச்சிருப்பீங்க’ என்ற வாக்கியம் இலக்கணரீதியாகச் சாத்தியமானதே அதற்குப் பிறகுதான்.

இன்னொரு பக்கம் கதவு அகலமாகிக்கொண்டே வந்தது. 1984-இல் கொண்டுவரப்பட்ட நுழைவுத்தேர்வு, 2006-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் 2007-08 சேர்க்கையிலிருந்து போனது. 2010-இல் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் முதலான படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இவையெல்லாம் போராடிப் பெற்றவை. இவற்றைக் குறைத்துப் பேசுகிற எதற்கும் இக்கட்டுரை துணைபோகாது.

கேள்வி வேறு. கதவை அகலப்படுத்தினோம், அறைக்குள் ஏதாவது மாறியதா? நாற்காலி நகர்ந்ததா? பாடத்திட்டம் மாறவே இல்லை என்று சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன. 2017-இல் பைத்தான் உள்ளே வந்தது. 2021 ஒழுங்குமுறையில், 2022 முதல், தமிழர் மரபும் தமிழரும் தொழில்நுட்பமும் சேர்ந்தன. ஆனால் இந்த மாற்றங்களெல்லாம் ‘எதை’ நடத்துவது என்பது பற்றியவை. ‘யாருக்கு’ நடத்துகிறோம் என்ற கேள்வி எந்த ஒழுங்குமுறையின் முகப்பிலும் எழுந்ததாகத் தெரியவில்லை.

பதினோராம் வகுப்புத் தேர்வின் கதை இதற்கு நல்ல சாட்சி. பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பையே இரண்டாண்டு உருப்போட வைத்தன. ‘சென்டம்’ வாங்கிய பிள்ளைகள் கல்லூரி முதலாண்டில் கணக்கில் விழுந்தார்கள். அரசு என்ன செய்தது? 2018 மார்ச்சிலிருந்து பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது. நோய்க்கு மருந்தாக இன்னொரு தேர்வு. பிறகு 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வைக் கைவிட்டது. வைத்தபோதும் எடுத்தபோதும் விவாதம் முழுவதும் பள்ளியைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும்தான். பல்கலைக்கழகத்தின் முதலாண்டுப் பாடம் ஒருமுறைகூடக் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.

3

முதலாண்டுத் தோல்வி பற்றி நம்மிடையே இரண்டு சொல்லாடல்கள் உலவுகின்றன. முதலாவது தரத்தின் சொல்லாடல். ‘கண்டவனையும் உள்ள விட்டா இப்படித்தான்’ என்பது அதன் பச்சையான வடிவம். ‘இன்புட் குவாலிட்டி சரியில்லை’ என்பது அதன் நாகரிகமான, ஹெச்.ஓ.டி. மீட்டிங் வடிவம். மாணவரைக் கச்சாப்பொருளாகப் பார்க்கும் இந்தச் சொல்லின் பின்னால் சாதி எவ்வளவு தூரம் ஒளிந்திருக்கிறது என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கருணையின் சொல்லாடல். ‘பாவம், தமிழ் மீடியம். ஃபர்ஸ்ட் ஜெனரேஷன். நாமதான் கைதூக்கி விடணும்.’ இதைச் சொல்பவர்கள் நல்லவர்கள். மாலையில் தங்கி ரெமெடியல் கிளாஸ் எடுப்பவர்கள் இவர்கள்தாம். சொந்தக் காசில் நகலெடுத்துக் கொடுப்பவர்கள் இவர்கள்தாம். எனவே இந்தச் சொல்லாடலை விமர்சிப்பது சங்கடமானது. ஆனாலும் செய்தாக வேண்டும். ஏனென்றால் தரமும் கருணையும் ஒரே இடத்தில் கைகுலுக்குகின்றன: குறை மாணவரிடத்தில் இருக்கிறது. முதலாமவர் குறையுள்ளவரை வெளியே நிறுத்தச் சொல்கிறார். இரண்டாமவர் குறையைச் சரிசெய்து உள்ளே அனுப்பச் சொல்கிறார். இருவருக்கும் பாடம் புனிதமானது, தொடக்கூடாதது.

பிரிட்ஜ் கோர்ஸ் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். பாலம். பாலம் இருந்தால் இரண்டு கரை இருக்க வேண்டும், நடுவில் ஆறு இருக்க வேண்டும். ஆறு இயற்கையானது, கரைகள் அசையாதவை, கடக்க வேண்டியவர் இந்தக் கரையில் நிற்பவர் மட்டுமே. ஓர் உருவகத்துக்குள் எவ்வளவு கருத்தியல்! ஐஐடிகளில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒதுக்கீட்டு இடங்கள் நிரம்பாதபோது எஸ்சி, எஸ்டி மாணவர்களைத் தளர்த்திய மதிப்பெண்ணில் எடுத்து ஓராண்டு ஆயத்தப் படிப்பில் வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகே முதலாண்டு. இடம் காலியாகப் போகாமல் காத்த அளவில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் அந்த ஓராண்டு மாணவரைத்தான் மாற்ற முயல்கிறது. அவருக்காகக் காத்திருக்கும் முதலாண்டு அப்படியே இருக்கிறது. கூடவே ‘ப்ரெப்’ என்று ஒரு முத்திரை.

2018-இல் ஏஐசிடிஇ வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் சேர்ந்தவுடன் மூன்று வார அறிமுக நிகழ்ச்சியைக் கட்டாயமாக்கியது. யோகா, மனித விழுமியங்கள், பிரமுகர் உரைகள், ஊர் சுற்றிப் பார்த்தல். நல்லதுதான். நாலாவது வாரம் திங்கட்கிழமை காலை முதல் மணி அடித்தவுடன் அணிகளும் நுண்கணிதமும். ‘இதெல்லாம் ப்ளஸ் டூவுலயே…’

பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்த பூர்தியூவும் பாஸ்ரோனும் 1964-இலும் 1970-இலும் எழுதிய இரு நூல்களில் காட்டியது இதைத்தான். பல்கலைக்கழகம் தான் கற்றுக்கொடுக்காத ஒன்றைத் தேர்வில் எதிர்பார்க்கிறது. அந்த ஒன்று சிலருக்கு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. வீட்டில் கிடைத்ததை அது ‘திறமை’ என்று பெயர் மாற்றிப் பட்டம் கொடுக்கிறது. அவர்கள் கேட்டது கருணையை அல்ல. எதிர்பார்ப்பதையெல்லாம் வெளிப்படையாகக் கற்றுக்கொடுக்கிற, பகுத்தறிவுக்கு உட்பட்ட ஒரு கற்பித்தலை.

4

இதே கேள்வியை வெறும் கோட்பாடாக நிறுத்தாமல் ஒரு பாடத்தில் இறங்கித் தோண்டிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் கதை அமெரிக்காவில் நடந்தது. இடம் வேறு, இனம் வேறு. ஆனால் துறையறையில் பேசிக்கொண்ட பேச்சு நம்முடையதேதான். அதனால் சொல்கிறேன்.

1970களின் நடுப்பகுதி. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் கொத்துக்கொத்தாக விழுந்துகொண்டிருந்தார்கள். யூரி டிரைஸ்மன் அங்கே கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். முதலில் சக ஆசிரியர்களிடம் ஏன் என்று கேட்டார். நான்கு பதில்கள் திரும்பத் திரும்ப வந்தன: ஊக்கம் போதாது, பள்ளி அடித்தளம் சரியில்லை, வீட்டில் படிப்பைப் பற்றி அக்கறையில்லை, வறுமை. (நம் ஊர் ஸ்டாஃப் ரூமில் இதை வாசித்துக் காட்டினால் ஆமாம் சார் என்பார்கள்.) டிரைஸ்மன் நம்பவில்லை. இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன அமெரிக்க மாணவர்களையும் எடுத்துக்கொண்டு அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து மாதக்கணக்கில் பார்த்தார்.

நான்கு பதில்களும் நிற்கவில்லை. பெற்றோர் பிள்ளைகளைப் படிக்கவைக்க எல்லாவற்றையும் செய்திருந்தார்கள். பள்ளியில் நல்ல மதிப்பெண்ணோடு வந்தவர்களும் விழுந்தார்கள். கண்ணில் பட்ட வேறுபாடு வேறு. கறுப்பின மாணவர்கள் ஆசிரியர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார்கள். வகுப்பில் ஒரு மணி என்றால் வெளியே இரண்டு மணி என்று கணக்குவைத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக. படிப்பு தனி, நட்பு தனி. சீன மாணவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு கூடி உட்கார்ந்தார்கள். ஒருவர் விடையை இன்னொருவர் சோதித்தார். ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார், பழைய வினாத்தாளில் எது வந்தது, தான் முட்டிக்கொண்ட கணக்கில் எல்லோருமே முட்டிக்கொண்டார்களா என்பதெல்லாம் அந்தக் கூட்டத்தில் தெரிந்துவிடும். தனியாக உட்கார்ந்தவருக்கு முட்டிக்கொண்டது தெரியும். எல்லோரும் முட்டிக்கொண்டார்கள் என்பது மட்டும் தெரியாது.

டிரைஸ்மன் தொடங்கிய பயிற்சிக்கூடம் ரெமெடியல் வகுப்பு அல்ல. அங்கே இருந்தது எளிமையாக்கிய கணக்கு அல்ல. பாடப்புத்தகத்தைவிடக் கடினமான கணக்கு. வந்தவர்களைப் பின்தங்கியவர்கள் என்று அழைக்கவில்லை, சிறப்பு மாணவர்கள் என்று அழைத்தார்கள். குழுவாக உட்கார்ந்து மோதினார்கள். அதில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண், சேராதவர்களைவிடத் தெளிவாக உயர்ந்தது.

இதில் நமக்கு இரண்டு செய்திகள். ஒன்று, தோல்வி மாணவருக்கு உள்ளே இல்லை. பாடத்தோடு அவர் உறவுகொள்ளும் முறைக்குள் இருந்தது. பாடம் அந்த முறையைக் கற்றுக்கொடுக்காமலேயே எதிர்பார்த்தது. இரண்டு, தாழ்த்திக் கொடுப்பது மரியாதையல்ல. கடினமானதைக் கொடுத்துவிட்டுக் கூட நிற்பதுதான் மரியாதை.

5

டிரைஸ்மனுக்கும் முந்தியது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கதை. 1969-இல் கறுப்பின, போர்ட்டோரிக்கோ மாணவர்கள் சிட்டி காலேஜ் வளாகத்தை முற்றுகையிட்டார்கள். அதன் விளைவாக 1970-இல் அந்நகரத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த எவருக்கும் இடம் என்ற திறந்த சேர்க்கை முன்கூட்டியே அமலானது. கதவு திறந்த அன்றே ஆசிரியர்கள் தலையில் கை வைத்தார்கள். ‘இவங்களுக்கு ஒரு வாக்கியம் எழுத வரலையே!’

மைனா ஷாஹ்னஸி என்ற ஆசிரியை அந்தத் தலையில் கை வைத்தலில் சேரவில்லை. 1970க்கும் 1974க்கும் இடையே சிட்டி காலேஜ் முதலாண்டு மாணவர்கள் எழுதிய சுமார் நாலாயிரம் கட்டுரைகளை வைத்துக்கொண்டு பிழைகளைப் படித்தார். திருத்தவில்லை, படித்தார். 1977-இல் வெளிவந்த அவரது நூல் காட்டியது, பிழைகளுக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது என்பதை. மாணவர் கவனக்குறைவால் தவறவில்லை. தன்னிடமிருக்கும் விதிகளை வைத்துக்கொண்டு புதிய மொழியொன்றை ஊகித்துக் கட்டுகிறார். கட்டும்போது சில செங்கல் பிசகுகிறது. அதற்கு ஓராண்டு முன் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் இன்னும் குறும்பான ஒன்றைச் செய்தார். மாணவர்களுக்கு வளர்ச்சிப்படி வகுப்பதை விட்டுவிட்டு ஆசிரியர்களுக்கு வகுத்தார். உள்ளே வருகிறவர்களைத் தடுத்து நிற்கும் ஆசிரியரிலிருந்து, தானே மாணவராகிக் கற்கத் தொடங்கும் ஆசிரியர்வரை. ரெமெடியல் தேவைப்படுவது யாருக்கு என்ற கேள்வியை அப்படியே திருப்பிப் போட்டார்.

அந்தச் சோதனைக்கு என்ன ஆனது? 1976-இல், நகரம் திவாலாகும் நிலையில், கட்டணமில்லாப் படிப்பு முடிவுக்கு வந்தது. 1999-இல் எடுத்த முடிவின்படி நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து ரெமெடியல் வகுப்புகள் படிப்படியாக அகற்றப்பட்டு, அந்த மாணவர்கள் ஈராண்டுக் கல்லூரிகளுக்குத் தள்ளப்பட்டார்கள். அங்கே ரெமெடியல் இயற்கணிதம் புதைகுழியானது. கிரெடிட் கிடையாது, பணமும் காலமும் போகும், முக்கால்வாசியில் ஆள் காணாமல் போவார்.

2013-இல் அதே பல்கலைக்கழகத்தின் மூன்று ஈராண்டுக் கல்லூரிகளில் ஒரு சோதனை செய்தார்கள். ரெமெடியல் இயற்கணிதம் தேவை என்று முத்திரை குத்தப்பட்ட 907 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ரெமெடியல். இன்னொன்றுக்கு ரெமெடியலோடு வாராந்தரப் பயிற்சிக்கூடம். மூன்றாவது பிரிவை நேராகக் கல்லூரித் தரப் புள்ளியியல் பாடத்தில் உட்காரவைத்து, கூடவே பயிற்சிக்கூடம். தேறியவர்கள் முறையே 39, 45, 56 சதவீதம். ‘உனக்கு இன்னும் தகுதியில்லை, வெளியே நின்று தயாராகு’ என்று சொல்லப்பட்டவர்கள் அதிகம் விழுந்தார்கள். உள்ளே அமர்த்தி உடன் நின்றபோது அதிகம் எழுந்தார்கள். புள்ளியியலையும் இயற்கணிதத்தையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள்ளேயே இன்னொரு கேள்வி இருக்கிறது: இந்த மாணவர் போக வேண்டிய இடத்துக்கு இயற்கணிதம்தான் வாசல் என்று முடிவு செய்தது யார்?

6

இனி நம் அறைக்குத் திரும்புவோம். அண்ணா பல்கலைக்கழக 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டர் கணக்குத் தாள் ‘அணிகளும் நுண்கணிதமும்’. ஐந்து அலகு. முதல் அலகிலேயே ஐகன் மதிப்பு, கெய்லி-ஹாமில்டன் தேற்றம். இவற்றைப் போட ஒரு ‘ஸ்டெப்’ வரிசை இருக்கிறது. சிறப்பியல் சமன்பாடு, மூலங்கள், பிறகு ஒவ்வொன்றுக்கும் ஐகன் திசையன். ஸ்டெப் மனப்பாடமானால் மார்க் விழும். ஐகன் மதிப்பு என்றால் என்ன, ஒரு பாலம் அதிர்வதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாமலே முழு மார்க் வாங்கலாம். ஆக, விழுந்தவருக்குத் தெரியவில்லை, எழுந்தவருக்கும் தெரியவில்லை. வித்தியாசம், எழுந்தவருக்கு ஸ்டெப் பழக்கம் இருந்தது. பாடத்தைத் திருத்தி வடிவமைப்பது என்பது விழுந்தவர்களுக்கான தனிச்சலுகை அல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இதைத் தொடாமல் தேர்ச்சி சதவீதத்தை மட்டும் உயர்த்துவதற்கும் வழிகள் உண்டு. 2017 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாள்களுக்கு இன்டர்னல் 20, பல்கலைக்கழகத் தேர்வு 80 என்று இருந்தது. 2021-இல் அது 40, 60 ஆனது. தொடர் மதிப்பீடு என்பது கற்பித்தல் நோக்கில் முற்போக்கான கருத்து. ஆனால் அது எந்த அதிகார வெளிக்குள் வந்து விழுகிறது? ஆணும் பெண்ணும் காரிடாரில் நின்று பேசினால் அபராதம் போடும் கல்லூரிகள், தாடி வைத்தால் வெளியே நிறுத்தும் கல்லூரிகள் இங்கே இருக்கின்றன. ‘இன்டர்னல்ல கை வச்சிருவேன்’ என்பது அங்கே கற்பித்தல் முறையல்ல, மிரட்டல். தேர்வு என்பது அறிவும் அதிகாரமும் சந்திக்கும் சடங்கு என்று ஃபூக்கோ எழுதியதன் விளக்கவுரையை நம் கல்லூரிகளில் தினமும் வாசிக்கலாம். டிரைஸ்மனின் குழுப் படிப்பை இங்கே கொண்டுவர வேண்டுமென்றால் முதலில் மாணவர்கள் கூடிப் பேசுவதைக் குற்றமாகக் காணும் கண்ணை மாற்ற வேண்டும். கல்லூரி பஸ் கிளம்பியதும் வீட்டுக்குப் போய்ச் சமையலில் கைகொடுக்க வேண்டிய பெண்ணுக்கு மாலை நேரக் குழு கிடையாது. ஆகவே குழு நேரம் டைம்டேபிளுக்குள் வர வேண்டும்.

மொழிக்கு வருவோம். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. துணிச்சலான செயல். ஆனால் பாடத்தின் கட்டமைப்பு அப்படியே இருக்க, மொழியை மட்டும் மாற்றித் தனி வகுப்பில் உட்காரவைத்தோம். வேலை கொடுக்கும் நிறுவனங்கள் ஆங்கிலத்திலேயே நின்றன. சேர்க்கை சரிந்தது. 2023-இல் சில உறுப்புக் கல்லூரிகளில் நிறுத்துவதாக அறிவிப்பு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. தமிழா ஆங்கிலமா என்ற இருமையே இங்கு தவறான கேள்வி என்று படுகிறது. எந்த முதலாண்டு வகுப்பிலும் உண்மையான புரிதல் நடக்கும் இடத்தில், அதாவது கடைசி பெஞ்சில், ஹாஸ்டல் கட்டிலில், பரீட்சைக்கு முந்திய ராத்திரியில், மொழி ஏற்கெனவே கலந்துதான் இருக்கிறது. ‘டேய், இந்த லிமிட்ட மாத்திப் போட்டா ஏரியா வந்துரும்டா.’ இந்த வாக்கியம் தமிழுமல்ல ஆங்கிலமுமல்ல, கணிதம். அதிகாரபூர்வ வகுப்பறையில் இதற்கு இடமில்லை. இதற்கு இடம் கொடுப்பதுதான் வடிவமைப்பு.

இன்னொன்று. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் தாளில் திண்மங்களின் வீழல்களை வரைய வேண்டும். கண்ணால் பார்க்காததைத் தளத்தில் கற்பனை செய்ய வேண்டும். பலர் இதில் திணறுகிறார்கள். கொத்தனார் வீட்டுப் பிள்ளை ‘பிளான்’ என்ற சொல்லைக் கல்லூரிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே வீட்டில் கேட்டவர். பாடம் அதை அறிவாகவே எண்ணுவதில்லை. இதைச் சொன்னவுடன் குலக்கல்வி வாடை அடிக்கிறது என்று தோழர்கள் சொல்லக்கூடும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அப்பன் தொழிலுக்கு அனுப்பியது. நான் சொல்வது நேர் எதிர்த்திசை. அப்பனின் தொழிலறிவு பிள்ளையின் தோளில் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குள் வர வேண்டும். வந்து மற்ற பிள்ளைகளுக்கும் பாடமாக வேண்டும். கொத்தனார் பிள்ளைக்கு வீழல் தானாக வந்துவிடும் என்ற கற்பனாவாதமும் வேண்டாம். அவரும் கற்கத்தான் வேண்டும். ஆனால் வெறுங்கையோடு வந்தவர் என்று நினைத்து அல்ல.

7

அப்படியென்றால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். சில சொல்லலாம். முதல் வாரத்தில் ஒரு சிறு தேர்வு வைக்கட்டும். அதை வைத்து மாணவர்களை ஏ செக்ஷன், பி செக்ஷன் என்று பிரிக்க அல்ல, பாடத்தைத் திருத்த. வகுப்பில் பாதிப் பேருக்கு மடக்கை தெரியவில்லை என்றால் மடக்கை அந்த ஆண்டுப் பாடத்தின் பகுதி, மாணவரின் கடன் அல்ல. ஐந்து அலகு மூன்றரை ஆகட்டும், வானம் இடிந்துவிடாது. வாரத்தில் இரண்டு மணி நேரம், மதிப்பெண் இல்லாமல், கடினமான கணக்குகளோடு குழுவாக உட்காரட்டும். ‘தெரியல’ என்று சொல்வதற்கான தண்டனை மூன்றாவது வாரத்தில் பூஜ்யமாகவும், அதற்கான உதவி முழுமையாகவும் இருக்கட்டும். இப்போது எல்லாமே ஐந்தாவது மாதத்தில்தான் தெரிகிறது. தெரியும்போது அது ஏற்கெனவே அரியர். விளக்கம் கலந்த மொழியில் இருக்கட்டும். விடையை எந்த மொழியில் எழுதினாலும் திருத்தட்டும்.

கடைசியாக, யார் நடத்துவது? பெரும்பாலான கல்லூரிகளில் முதலாண்டு ‘அறிவியல் மானுடவியல் துறை’ என்று ஒதுக்கப்பட்டவர்களிடம் இருக்கிறது. அந்தஸ்தில் கடைசி, சம்பளத்திலும் பல இடங்களில் கடைசி. அறுபது பேர் வகுப்பில், அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத ஓர் ஆசிரியர் ‘இதெல்லாம் படிச்சிருப்பீங்க’ என்று ஓடுவதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். 2018-இல் ஏஐசிடிஇ ஆசிரியர் மாணவர் விகிதத்தை 1:15இலிருந்து 1:20 ஆகத் தளர்த்தியது. 2024 ஜூலையில், ஒரே ஆசிரியர் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்ட மோசடியை அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. காகிதத்தில் மட்டும் இருக்கும் ஆசிரியர் எந்தக் குழுவோடும் உட்கார முடியாது. ஆகவே பாடத்தை மறுவடிவமைப்பது என்பது கல்வியியல் நிபுணர்களின் பயிலரங்கில் முடிகிற வேலையல்ல. அது ஆசிரியரின் வேலைப் பாதுகாப்பு, வகுப்பின் அளவு, முதலாளிகளின் கணக்கு எல்லாவற்றையும் தொடும் அரசியல் கோரிக்கை. தொடவில்லை என்றால் அது பிரிட்ஜ் கோர்ஸின் இன்னொரு பெயர்.

ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியாகிறது. நாளிதழ்கள் பட்டியல் போடுகின்றன, கல்லூரிகள் ஃப்ளெக்ஸ் வைக்கின்றன. அதே பட்டியலை இன்னொரு விதமாகக் கேட்கலாம்: எந்தத் தாளில், எத்தனை பேர், எந்தப் பின்னணியிலிருந்து வந்தவர்கள் விழுந்தார்கள்? ஒரு தாளில் ஆண்டுதோறும் ஒரே மாதிரி ஆட்கள் விழுந்துகொண்டிருந்தால், அந்தத் தாளே அரியர் வைத்திருக்கிறது. அதை எழுதி கிளியர் பண்ண வேண்டியது பல்கலைக்கழகம்.